பழ மணக் கறுப்புத் தேநீர்: சூடாகவும் ஐஸ் போட்டும் வீட்டில் தயாரிக்க

பெட்டியைத் திறந்தால் பீச் பழ வாசனை தூக்குகிறது. ஆசையோடு தயாரித்துக் குடித்தால் சாயத் தண்ணீர்போல் சப்பென்று இருக்கிறது; இல்லாவிட்டால் துவர்ப்பில் நாக்கு வறண்டுபோகிறது. பழ மணமூட்டிய கறுப்புத் தேநீரை முதன்முதலாக வாங்குகிறவர்களில் பலர் இந்த இடத்திலேயே மனம் வெறுத்து, பெட்டியை அலமாரியின் மூலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். பெரும்பாலும் தேயிலையின் மேல் குற்றம் இருக்காது. தயாரிக்கும் முறையைக் கொஞ்சம் மாற்றினால் அதே தேயிலை அருமையாக வாய்க்கும்.

அதற்கு முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தத் தேநீரில் பழம் மணமாக மட்டுமே இருக்கிறது. நாக்குக்குத் தெரிந்தவை இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு போன்ற சில சுவைகள்தான். பீச்சையும் ஆப்பிளையும் பிரித்துச் சொல்வது மூக்கு. விழுங்கும்போது தொண்டையின் பின்புறமாக மூக்குக்கு ஏறும் மணத்தைத்தான் நாம் பழச் சுவை என்று எண்ணிக்கொள்கிறோம். பழத்தைக் கடிக்கும்போது அந்த மணத்தோடு சர்க்கரையும் புளிப்பும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. தேயிலையில் ஏற்றிய மணத்தோடு அவை வருவதில்லை. ஆகவே நமக்கு இரண்டு வேலைகள்: இருக்கிற மணத்தை ஆவியோடு போகவிடாமல் கோப்பைக்குள் சேர்ப்பது, பிறகு குறைகிற இனிப்பையும் புளிப்பையும் அளவறிந்து கொடுப்பது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டையும் ஒட்டியவைதான்.

பெட்டியை எப்படிப் படிப்பது

கடையில் 'ஃப்ரூட் டீ' என்ற பெயரில் விற்கும் எல்லாவற்றிலும் தேயிலை இருக்காது. உலர்ந்த ஆப்பிள், ரோஜாக் காய், ரோசெல் என்ற செம்பருத்தி வகை ஆகியவை மட்டுமே கொண்ட கலவைகளும் அதே பெயரில் வருகின்றன. அவற்றில் காஃபீன் இல்லை, தேயிலையின் திடமும் இல்லை. நல்ல பானங்கள்தான், ஆனால் தயாரிக்கும் முறை வேறு. உட்பொருள் பட்டியலில் கறுப்புத் தேயிலை முதலாவதாக இருக்கிறதா என்று பாருங்கள். எடை மிகுந்த பொருளை முதலில் எழுதுவதே வழக்கமான விதி.

கலவைக்குள் தெரியும் பழத் துண்டுகளையும் பூவிதழ்களையும் கண்டு மயங்கிவிடக் கூடாது. மூன்று நான்கு நிமிடங்களில் ஓர் உலர்ந்த பழத் துண்டு தண்ணீருக்குக் கொடுப்பது மிகக் குறைவு. மணத்தைச் சுமப்பது இலையின் மேல் தெளிக்கப்பட்ட எண்ணெயோ சாரமோதான். பட்டியலில் 'மணமூட்டி' என்று வருவது அதுவே. இயற்கையானதா செயற்கையானதா என்பதில் பலர் கவலைப்படுகிறார்கள். பீச்சின் மணத்தில் முக்கியமான காமா-டெக்காலாக்டோன் என்ற பொருள் பழத்திலிருந்து எடுத்தாலும் ஆய்வுக்கூடத்தில் செய்தாலும் அடிப்படையில் ஒரே மூலக்கூறுதான். நான் மூக்கையே நம்புகிறேன். பெட்டியை முகர்ந்தால் பழத்துக்குப் பின்னால் தேயிலையின் மணமும் தெரிய வேண்டும். மிட்டாய் வாசனை மட்டும் ஓங்கியிருந்தால், மட்டமான இலையை மறைக்க மணத்தை அள்ளிக் கொட்டியிருக்கலாம்.

பட்டியலில் ஹைபிஸ்கஸ் என்று இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அது செம்பருத்தி இனத்தைச் சேர்ந்த ரோசெல் செடியின் புளிப்பான சிவப்புப் பகுதி. தேநீருக்கு மாதுளை நிறம் தரும், நன்றாகப் புளிக்கும். ஐஸ் தேநீருக்கு இது ஒரு வரம். பால் விட நினைப்பவர்களுக்கு இது ஆகாது.

பழ மணமும் கறுப்புத் தேநீரும் சேர்வது புதுமை அல்ல. பெர்கமாட் என்ற நாரத்தை வகைப் பழத்தின் தோல் எண்ணெய் ஏற்றிய ஏர்ல் கிரே உலகம் முழுவதும் தெரிந்த ஒன்று. 1830 முதல் 1834 வரை பிரிட்டனின் பிரதமராக இருந்த சார்லஸ் கிரேயின் பட்டப்பெயர் அதற்கு வழங்குகிறது. அவருக்கும் அந்தக் கலவைக்கும் நேரடித் தொடர்பு இருந்ததற்கு உறுதியான சான்று இல்லை. சீனாவின் குவாங்டோங் பகுதியில் லிச்சி மணமேற்றிய கறுப்புத் தேநீர் தயாரிக்கிறார்கள். இந்த இணைகள் பொருந்திப்போவதற்குக் காரணமும் உண்டு. பூவும் பழமும் கலந்தாற்போல் மணக்கும் லினலூல், ஜெரானியோல் போன்ற பொருள்கள் கறுப்புத் தேயிலையிலேயே இயல்பாக இருக்கின்றன. எந்த மணமும் ஏற்றாத டார்ஜிலிங் தேயிலையின் இரண்டாம் பறிப்பில் மஸ்கட் திராட்சையின் சாயல் தெரிவதை அதைக் குடித்தவர்கள் அறிவார்கள். ஆகவே பழ மணத் தேநீரை இளப்பமாகப் பேசத் தேவையில்லை. நல்ல கலவையில் பழம், இலையில் ஏற்கெனவே இருக்கும் ஒரு குணத்தைத் தூக்கிக் காட்டுகிறது.

முதல் முறை வாங்கும்போது பெரிய டப்பா வேண்டாம். பீச் அல்லது ஆப்ரிகாட் ஒன்று, ப்ளாக்கரண்ட் அல்லது வேறு பெர்ரி ஒன்று, ஆரஞ்சு அல்லது பெர்கமாட் ஒன்று என மூன்று சிறிய பொட்டலங்கள் போதும். இந்த மூன்றும் மூன்று குணம். எது உங்கள் நாக்குக்கு ஒத்துவருகிறது என்று தெரிந்த பிறகு மாம்பழம், லிச்சி, பேஷன் ஃப்ரூட் என்று கிளை பிரியலாம். முடிந்தவரை நீள இலை வகையாகப் பாருங்கள். சிறு குருணைகளாக வரும் சி.டி.சி. தேயிலை சட்டென்று கறுத்து, கடுமையாக இறங்கும். பாலுக்கும் சர்க்கரைக்கும் தோதான அந்த வேகம் மென்மையான பழ மணத்தை அமுக்கிவிடும். டீ பேக் தவறில்லை. உள்ளே இருப்பது பெரும்பாலும் பொடி இலை என்பதால் சீக்கிரம் இறங்கும், நேரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பாத்திரங்கள்

மூடியுள்ள ஒரு பாத்திரம், அகலமான வடிகட்டி, நேரம் பார்க்க ஒரு கடிகாரம். கிராம் காட்டும் சிறிய தராசு இருந்தால் நல்லது. சங்கிலியில் தொங்கும் சிறு உருண்டை வடிகட்டிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். இலை நனைந்து விரிய இடம் வேண்டும். உருண்டைக்குள் நெருக்கியடித்துக் கிடந்தால் நடுவில் இருக்கும் இலையைத் தண்ணீர் சரியாகத் தொடுவதேயில்லை.

தராசு ஏன் என்றால், பழத் துண்டுகள் கலந்த தேயிலையில் கரண்டிக் கணக்கு ஏமாற்றும். ஒரு கரண்டியில் பாதி உலர்ந்த ஆப்பிளாக வந்தால் தேநீர் நீர்த்துப்போகும், அடுத்த கரண்டியில் இலை மட்டும் வந்தால் கசக்கும். பொட்டலம் அசைய அசையச் சிறு துகள்கள் அடியில் இறங்கி, பெரிய துண்டுகள் மேலே ஏறிக்கொள்ளும். எடுக்கும் முன் பொட்டலத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து மெதுவாகக் கலந்துகொள்ளுங்கள். தராசு இல்லாதவர்கள், பெரிய துண்டுகள் உள்ள கலவைக்குக் கரண்டியைக் கொஞ்சம் குவித்து எடுக்கலாம்.

சூடான முதல் கோப்பை

இங்கே சொல்லும் அளவு 200 மில்லி கோப்பைக்கு.

1. புதிதாகப் பிடித்த நல்ல தண்ணீரைக் கொதிக்கவையுங்கள். உப்புச் செறிவான கடினநீரில் தேநீரின் மேல் ஆடைபோல் ஒரு படலம் மிதக்கும், மணமும் மங்கும். வடிகட்டிய நீர் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

2. தேநீர்ப் பாத்திரத்தில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிடுங்கள். குளிர்ந்த பீங்கான் சூட்டை உறிஞ்சிவிடாமல் இருக்க இது.

3. 2 முதல் 2.5 கிராம் தேயிலையைப் போடுங்கள். நீள இலையாக இருந்தால் ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி; டீ பேக் என்றால் ஒன்று.

4. கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி, ஒரு நிமிடம் விட்டு ஊற்றுங்கள். 93 முதல் 95 டிகிரி வெப்பம் போதும். மணமூட்டாத கறுப்புத் தேயிலைக்குக் கொதிநீரே பொருத்தம். இங்கே ஒரு படி இறங்கி வந்தால் துவர்ப்பு குறையும், மேலாகத் தெளித்த மணமும் ஒரே மூச்சில் பறந்துவிடாது.

5. உடனே மூடிவிடுங்கள். இந்தப் படியைத் தவறவிடவே கூடாது. இரண்டு நிமிடம் கழித்து மூடியை எடுத்து அதன் உட்புறத்தை முகர்ந்து பாருங்கள். முத்து முத்தாக நீர் கோத்திருக்கும், அந்தத் துளிகளில் பழம் அடர்த்தியாக மணக்கும். மூடாமல் வைத்திருந்தால் அத்தனையும் அறைக்குள் போயிருக்கும். மூடியைச் சாய்த்து அந்தத் துளிகளைப் பாத்திரத்திலேயே விழவிடுங்கள்.

6. மூன்று நிமிடத்தில் ஒரு கரண்டி எடுத்துச் சுவையுங்கள். போதவில்லை என்றால் இன்னும் அரை நிமிடம். நான்கைத் தாண்ட வேண்டாம். டீ பேக் என்றால் இரண்டிலேயே சுவைக்கத் தொடங்குங்கள்.

7. ஒரு சொட்டு விடாமல் வடித்துவிடுங்கள். இலை தண்ணீரில் கிடக்கும்வரை இறங்கிக்கொண்டே இருக்கும். டீ பேக்கை எடுக்கும்போது பிழியாதீர்கள். கடைசியில் வரும் சாற்றில் துவர்ப்புதான் மிகுதி.

8. குடிக்க அவசரப்படாதீர்கள். நாக்கைச் சுடும் சூட்டில் பழத்தின் நுணுக்கம் தெரியாது. உடல்நலக் காரணமும் உண்டு: 65 டிகிரிக்கு மேற்பட்ட மிகச் சூடான பானங்களைப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவையாக இருக்கலாம் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியது. கோப்பையைக் கையில் நிம்மதியாகப் பிடிக்க முடிகிறபோது குடித்தால், மணமும் நன்றாக எழும், வாயும் தப்பும்.

வலுவாக வேண்டும் என்று விரும்புகிறவர்கள் நேரத்தைக் கூட்டக் கூடாது, இலையைக் கூட்ட வேண்டும். மணம் முதல் சில நிமிடங்களிலேயே பெரும்பாலும் வந்துவிடுகிறது. அதன் பிறகு வருவதில் துவர்ப்பும் கசப்பும்தான் மிஞ்சும். தேயிலையைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 3103 என்று ஒரு சர்வதேசத் தரமுறை இருக்கிறது. அதன்படி 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை, ஆறு நிமிடம். அது இலையின் குறைநிறைகளை வெளியே இழுத்துக் காட்டும் கடுமையான முறை, ரசித்துக் குடிப்பதற்கான அளவு அல்ல. வீட்டில் அந்த ஆறு நிமிடத்தைப் பின்பற்றினால் பழம் துவர்ப்பில் மூழ்கிப்போகும்.

இதே காரணத்தால் தேயிலையை அடுப்பில் தண்ணீரோடு சேர்த்துக் கொதிக்கவிடுவதும் இதற்கு ஒத்துவராது. கொதிக்கக் கொதிக்க வீடு முழுவதும் மணக்கும். வீட்டில் பரவிய மணம் கோப்பையில் இருக்காது.

இனிப்பு, புளிப்பு, பால்

இதை ஒருமுறை செய்து பார்த்தால் மறக்கவே மாட்டீர்கள். வடித்த தேநீரை இரண்டு கோப்பைகளில் பிரித்து ஊற்றுங்கள். ஒன்றில் எதுவும் வேண்டாம். மற்றொன்றில் கால் தேக்கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்குங்கள். இனிக்கிறது என்று சொல்ல முடியாத அளவுதான் அது. இரண்டையும் மாற்றி மாற்றிக் குடியுங்கள். சர்க்கரை சேர்ந்த கோப்பையில் பீச் பீச்சாகவே தெரியும். கூடுதல் மணம் எதுவும் சேர்க்காமலே பழம் பெரிதாகிவிடும். மூக்குக்கு வரும் பழ மணத்தோடு நாக்கில் துளி இனிப்பும் பட்டால் மூளை இரண்டையும் ஒன்றாக்கிப் பழம் என்று ஏற்றுக்கொள்கிறது. சர்க்கரையே வேண்டாம் என்பவர்கள் தேநீரோடு ஒரு துண்டு இனிப்பான பழத்தைக் கடித்துக்கொண்டாலும் ஓரளவு இதே பலன் கிடைக்கும். தேனுக்குத் தனக்கென்று வலுவான மணம் உண்டு. எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளோடு அது ஒத்துப்போகும், லிச்சி போன்ற மென்மையானவற்றை விழுங்கிவிடும்.

புளிப்புக்கு எலுமிச்சைச் சாறு. ஒரு கோப்பைக்கு நான்கைந்து துளிகளுக்கு மேல் தொடக்கத்தில் வேண்டாம். விட்ட மறுநொடியே அடர்ந்த செம்பழுப்பு வெளுத்துப் பொன்னிறமாவதைப் பார்க்கலாம். கறுப்புத் தேநீரின் நிறத்துக்குக் காரணமான தியாரூபிஜின்கள் அமிலத்தில் வெளிறுவதால் வரும் மாற்றம் அது, தேநீர் நீர்த்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். பெர்ரி வகைகளுக்கும் மாம்பழத்துக்கும் புளிப்பு நன்றாக எடுப்பாக இருக்கும். ஹைபிஸ்கஸ் சேர்ந்த கலவைக்குத் தேவையே இல்லை.

பாலைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கறாரானது. பாலில் உள்ள கேசின் என்ற புரதம் தேநீருக்குத் துவர்ப்பு தரும் பாலிஃபீனால்களோடு பிணைந்து துவர்ப்பைக் குறைக்கும். பாலின் கொழுப்பு பழ மணத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பழத்துக்காக வாங்கிய தேயிலையில் பழத்தை மூடி மறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதோடு, அமிலத்தன்மை ஏறிவிட்டால் பால் திரிந்துவிடும். ஹைபிஸ்கஸ் கலந்த தேநீரிலும் எலுமிச்சை பிழிந்ததிலும் கண் முன்னே திப்பி திப்பியாகப் பிரியும். பால் இல்லாமல் முடியாது என்றால் ஸ்ட்ராபெர்ரி, பீச் போன்ற, புளிப்பு சேராத வகையை எடுத்து, இலையை ஒன்றரை மடங்காக்கி, பாலைக் கடைசியாகக் கொஞ்சமாக விடுங்கள்.

ஐஸ் தேநீர்: இரண்டு வழிகள்

பழ மணத் தேநீர் உண்மையில் பிரகாசிப்பது குளிர்ச்சியில்தான் என்பது என் எண்ணம். ஐஸ் தேநீரை 1904-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில்தான் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. அதற்கான செய்முறைகள் 1870-களின் சமையல் நூல்களிலேயே அச்சாகிவிட்டன. கண்காட்சி அதைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது, அவ்வளவே.

குளிர்ச்சியில் மணம் மெதுவாகத்தான் எழும், இனிப்பும் மந்தமாகத் தெரியும். சூடாக இருக்கும்போது சரியாக இருந்த தேநீர், குளிர்ந்த பின் சப்பென்று ஆவது இதனால்தான். ஐஸ் உருகி நீர்க்கவும் செய்யும். எனவே ஐஸ் தேநீர் எப்போதும் ஒரு படி வலுவாகத் தொடங்க வேண்டும்.

முதல் வழி, சூடாக இறக்கி ஐஸின் மேல் ஊற்றுவது. ஒரு லிட்டருக்குக் கணக்கு: 12 கிராம் தேயிலை, அரை லிட்டர் வெந்நீர், நான்கு நிமிடம், மூடியபடி. இனிப்பு வேண்டுமானால் சூடாக இருக்கும்போதே கரைத்துவிடுங்கள். வேறொரு பாத்திரத்தில் அரை கிலோ ஐஸ் கட்டிகளை எடுத்துக்கொண்டு, வடித்த தேநீரை அதன் மேல் மெதுவாக ஊற்றிக் கலக்குங்கள். ஐஸ் ஏறக்குறைய முழுவதும் உருகி, சில்லென்ற ஒரு லிட்டர் தேநீர் உடனே தயார். சட்டென்று குளிர்வதால் மணம் ஆவியாகிப் போக நேரம் இருப்பதில்லை. எவர்சில்வர் பாத்திரமோ வெப்பம் தாங்கும் ஜாடியோ இதற்கு ஏற்றது. சாதாரணக் கண்ணாடி திடீர் வெப்ப மாற்றத்தில் விரிசல் விட்டு வெடிக்கும், அதில் இதைச் செய்யவே வேண்டாம்.

இரண்டாம் வழி, குளிர்ந்த நீரிலேயே ஊறவைப்பது. ஒரு லிட்டர் குடிநீருக்கு 8 முதல் 10 கிராம் தேயிலை. மூடியுள்ள ஜாடியில் போட்டு ஃபிரிட்ஜில் 8 முதல் 10 மணி நேரம். இரவு வைத்தால் காலையில் வடிக்கலாம். துவர்ப்பும் கசப்பும் குளிர்ந்த நீரில் குறைவாகவே இறங்கும் என்பதால் இந்தத் தேநீர் மிருதுவாக, சர்க்கரை போடாமலே இனிப்பின் சாயலோடு இருக்கும். காஃபீனும் சற்றுக் குறையும். பீச், லிச்சி, மாம்பழ வகைகளுக்கு இதைவிட நல்ல முறை இல்லை என்றே சொல்வேன். ப்ளாக்கரண்ட், பெர்கமாட் போன்றவற்றுக்குத் தேயிலையின் கெட்டியான அடித்தளம் வேண்டியிருக்கிறது. அவற்றுக்கு முதல் வழியே சிறப்பு. ஊறவைத்ததில் மணம் போதவில்லை என்று தோன்றினால், அடுத்த முறை இலை முழுகும் அளவுக்குக் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி ஒரு நிமிடம் விட்டு, அதன் பிறகு குளிர்ந்த நீரைச் சேருங்கள். இலை விரிந்து மணம் தாராளமாக வரும்.

ஒரு எச்சரிக்கை. தேயிலையைத் தண்ணீரில் போட்டு வெயிலில் மணிக்கணக்கில் வைத்துத் தயாரிக்கும் முறை ஒன்று உண்டு; அதைத் தவிர்த்துவிடுங்கள். வெயிலின் இளஞ்சூடு கிருமிகளைக் கொல்லாது, வளர்க்கும். குளிர்ந்த நீரில் ஊறவைப்பதையும் அதே காரணத்துக்காக ஃபிரிட்ஜுக்குள்ளேயே செய்ய வேண்டும், இரண்டு நாளுக்குள் குடித்துவிட வேண்டும்.

தேநீர் ஏன் கலங்குகிறது

சூடான தேநீரை வெப்பம் தாங்கும் கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்துக் கவனியுங்கள். வைக்கும்போது விளக்கொளியில் செந்நிறமாகப் பளபளக்கும். ஒரு மணி நேரத்தில் அடியிலிருந்து மங்கத் தொடங்கி, பிறகு முழுவதும் சேறு கரைத்தாற்போல் ஆகிவிடும். கெட்டுப்போனதாக எண்ணி அதைக் கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. தியாஃபிளவின் முதலிய பாலிஃபீனால்கள் சூட்டில் கரைந்திருக்கும். ஆறியதும் அவை காஃபீனோடு கூடிச் சிறு துகள்களாகப் பிரிந்து மிதக்கின்றன. குடிப்பதால் எந்தத் தீங்கும் இல்லை. எவ்வளவு வலுவாக இறக்கினீர்களோ அவ்வளவு கலங்கும். சிறிது கொதிநீரைச் சேர்த்துக் கலக்கினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். விருந்தினருக்குக் கண்ணாடிபோல் தெளிவாகக் கொடுக்க வேண்டுமென்றால் ஊறவைக்கும் முறைதான் பாதுகாப்பு.

ஐஸ் கட்டியிலும் ஒரு நுட்பம். அதே தேநீரைக் கொஞ்சம் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துப் போட்டால், உருகினாலும் நீர்க்காது. ஃபிரிட்ஜில் நெடுநாள் கிடந்த ஐஸ் மற்ற உணவுகளின் வாசனையை வாங்கியிருக்கும், இந்த மெல்லிய மணத்துக்கு அது பெரும் பகை. குளிர்ந்த தேநீரில் சர்க்கரை எளிதில் கரையாமல் அடியில் தங்கும் என்பதால், சம எடை சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்துச் சூடாக்கிக் கரைத்த பாகு ஒரு புட்டியில் இருந்தால் வசதி. ஃபிரிட்ஜில் இரண்டு வாரம் இருக்கும்.

உண்மையான பழம் சேர்க்க

மணம் தேயிலையில் இருக்கிறது, இனிப்பும் புளிப்பும் பழத்தில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்தால் முழுப் பழம். ஆகவே பழத்தைச் சேர்ப்பதென்றால் தேநீரில் உள்ள அதே பழத்தைச் சேர்ப்பதுதான் முதல் தேர்வு. ஒரு பழுத்த பீச்சை மெல்லிய துண்டுகளாக்கி, ஒரு தேக்கரண்டி சர்க்கரை தூவிக் கால் மணி நேரம் வைத்தால் சாறு விடும். அந்தச் சாற்றோடு துண்டுகளைப் பீச் ஐஸ் தேநீரில் போட்டுப் பாருங்கள். பெர்ரிகளை அவற்றின் எடையில் பாதியளவு சர்க்கரையோடு ஐந்து நிமிடம் சூடாக்கி, மசித்து, வடித்தால் நல்ல பாகு கிடைக்கும். ஒரு டம்ளருக்கு ஒரு மேசைக்கரண்டி. மாம்பழக் கூழ் அடியில் தங்கிவிடும், குடிக்கும் முன் கலக்க வேண்டும். கலப்பு இணைகளில் எனக்குப் பிடித்தவை பீச்சோடு ராஸ்பெர்ரி, மாம்பழத்தோடு பேஷன் ஃப்ரூட், ப்ளாக்கரண்ட் தேநீரோடு ஆரஞ்சுத் தோல். புதினாவைக் கசக்காமல் கையில் ஒரு தட்டு தட்டிப் போடுங்கள். பழத் துண்டு போட்ட ஜாடியை அன்றைக்கே காலிசெய்துவிட வேண்டும்.

சோடாவோடு விரும்புகிறவர்கள் இருமடங்கு வலுவான தேநீரைக் குளிரவைத்து, ஒரு பங்கு தேநீருக்கு ஒரு பங்கு சோடா என்று சேர்க்கலாம். தேநீரில் நுரை சட்டென்று பொங்கும் என்பதால் சோடாவைக் கடைசியில், டம்ளரின் ஓரமாக ஊற்றுங்கள்.

உடல்நலம் குறித்துச் சில

பழ மணம் இருந்தாலும் இது கறுப்புத் தேநீர்தான். 240 மில்லி கோப்பையில் ஏறக்குறைய 40 முதல் 50 மில்லிகிராம் காஃபீன் இருக்கும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரையும், கருவுற்றவர்களுக்கு 200 வரையும் பாதுகாப்பான அளவாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. இரும்புச் சத்துக் குறைபாடு உள்ளவர்கள் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல் ஒரு மணி நேர இடைவெளி விடுவது நல்லது. தாவர உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்பதைத் தேநீர் தடுக்கிறது. கிரேப்ஃப்ரூட் என்ற நாரத்தை வகைப் பழத்தின் சாற்றைத் தேநீரில் கலப்பவர்கள், தொடர்ந்து மருந்து எடுத்துக்கொண்டிருந்தால், மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகள் உட்படப் பல மருந்துகளோடு அந்தப் பழம் ஒத்துப்போகாது.

பாதுகாத்து வைப்பது

காற்றுப் புகாத, ஒளி ஊடுருவாத டப்பா. அடுப்புக்கு அருகில் வேண்டாம். ஒவ்வொரு மணத்துக்கும் தனி டப்பா. பக்கத்திலிருப்பதன் வாசனையைத் தேயிலை வெகு எளிதாக உறிஞ்சும்; அந்தக் குணத்தை வைத்துத்தான் இதற்கு மணமே ஏற்றுகிறார்கள். மணமூட்டாத கறுப்புத் தேயிலை இரண்டு ஆண்டுகூட நன்றாகத் தாங்கும். பழ மணம் அவ்வளவு பொறுக்காது, திறந்த ஆறு மாதத்திலிருந்து ஓர் ஆண்டுக்குள் முடித்துவிடுங்கள். திறந்த தேதியை டப்பாவின் மேல் எழுதி ஒட்டினால் குழப்பம் இல்லை. ஆரஞ்சு, எலுமிச்சை, பெர்கமாட் வகைகளைத்தான் முதலில் குடிக்க வேண்டும். அந்தத் தோல் எண்ணெய்கள் காற்றுப்பட்டுப் பழசானால் வார்னிஷ் வாடை அடிக்கும், அப்படி ஆனதை எதைச் சேர்த்தும் மீட்க முடியாது. பீச்சும் பெர்ரியும் மணம் குறைந்து மங்குவதோடு சரி. அப்படி மங்கிய தேயிலையை, வழக்கமான அளவைவிட இரண்டு கிராம் கூட்டி இரவு ஊறவைத்து, காலையில் வடித்ததும் அதே பழத்தின் பாகு சேர்த்துக் குடித்துத் தீர்க்கலாம்.